முட்டையைத் தின்னும் தாய்மீன்

சொந்தக் காணியை விட்டு வந்து, இன்னொருவர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கும் நாலு பேசின் வைக்க இடமிருக்கும். அலங்கார மீன் பெருக்கத் தொடங்க அது போதும். கடன்பட்டுச் சீமெந்துத் தொட்டி கட்டுவதை, முதல் ஈட்டுக் குஞ்சுகள் தப்பிய பிறகு யோசியுங்கள்.

கப்பி குட்டி போடும். அதில் வேலை குறைவு. சீப்ரா, பார்ப் போன்றவை முட்டைகளை நீரில் சிதறவிடுபவை. இட்ட முட்டைகளைத் தாமே தின்றும் விடும். பலர் தோற்பது இதனால்தான்.

தொடங்குபவர்களுக்குச் சீப்ரா நல்லது. வயிறு பருத்தது பெண், மெலிந்து பொன்னிறம் கூடியது ஆண். ஒரு வாரம் பிரித்து வைத்து, நுளம்புக் குடம்பிகளை வடித்துக் கொடுங்கள். இதற்கென்று நுளம்பை வளர்க்க வேண்டாம், டெங்கு வந்துவிடும்.

அகன்ற பேசினில் ஐந்து அங்குலம் நீர் விட்டு, அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் நுளம்பு வலைத் துண்டை இழுத்துக் கட்டுங்கள். மாலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆணாக வலைக்கு மேலே விட்டு, பேசினை மூடுங்கள். விடிந்ததும் மூடியைத் திறந்து வெளிச்சம் படவிட்டால் துரத்தல் தொடங்கும். மணல்மணி போன்ற முட்டைகள் வலைக்கூடாகக் கீழே விழும். மதியத்துக்கு முன் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். தாய் பக்கத்தில் இருக்கட்டுமே என்று இரங்கினால் குஞ்சு மிஞ்சாது.

வெண்மையாகிய முட்டைகள் பழுதானவை, அகற்றுங்கள். மற்றவை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். குஞ்சுகள் முதலில் பேசின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும். அப்போது உணவு வேண்டாம். ஐந்தாம் நாளளவில் நீந்தத் தொடங்கியதும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அவற்றின் உணவு. நாற்றுமேடை ஆயத்தமில்லாமல் நெல்லை ஊறவைப்போமா? மீனைச் சோடி சேர்க்கும்போதே ஒரு பானையில் குளத்து நீர் விட்டு, ஒரு பிடி வைக்கோலை ஊறப்போட்டு, துணியால் வாய் கட்டி வையுங்கள். அந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்தும் கொடுக்கலாம். ஆனால் ஓரிரு துளிதான்; மிஞ்சினால் நீர் கெட்டு ஓரிரவிலேயே எல்லாம் செத்துவிடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீர். சீப்ரா தாங்கும். நமது நாட்டின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய செரி பார்ப் மென்னீருக்குப் பழகியது. அதற்கு மழைநீர் கலவுங்கள். அதன் முட்டை ஒட்டும் தன்மையது என்பதால், வலைக்குப் பதிலாக அவித்து அலசிய தென்னந்தும்பை இடுங்கள். குழாய் நீரானால் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்.

விற்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு மாதமாகும். வாங்குபவரை முதலிலேயே விசாரித்து வையுங்கள். அவர்கள் ஒரே அளவான மீன்களையே மொத்தமாகக் கேட்பார்கள். ஆகவே நாலைந்து பெண்மீன்களை ஒரே நாளில் முட்டையிட விடுவது நல்லது. விலைபோகாதவற்றைக் குளத்தில் விடாதீர்கள். சீப்ரா இந்த நாட்டு மீனல்ல.