சுடும் இடத்தைக் காட்டும் ஒலி

இருதயத்தின் தாளம் தவறுவதற்கு அதன் தசையிலேயே ஏதோ ஓரிடத்தில் எழும் வேண்டாத மின்துடிப்பு காரணமாயிருக்குமானால், அவ்விடத்தைச் சுட்டுத் தழும்பாக்கிவிட்டால் போதும், அத்துடிப்பு பிற பாகங்களுக்குப் பரவாது என்பதே ‘அப்ளேஷன்’ சிகிச்சையின் ஆதாரமான எண்ணம். மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் வியாதியில், அத்தகைய துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தம் கொணரும் சிரைகளுக்குள்ளிருந்தே புறப்படுகின்றன என்பதைப் பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகரில் மிஷேல் ஹைசாகேரும் அவருடைய சகாக்களும் 1998-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய பிறகு, அச்சிரைகளின் வாயைச் சுற்றிச் சுடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று.

தொடைமடிப்பின் சிரை வழியே செலுத்தப்பட்ட ‘கதீட்டர்’ என்னும் மெல்லிய குழாயின் முனையிலிருந்து ரேடியோ அலை மின்சாரம் பாய, தசையின் உஷ்ணம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸை எட்டியதும் மீளாத சேதம் தொடங்குகிறது. 100 டிகிரியை நெருங்கினாலோ, உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தசை வெடித்துவிடக்கூடும். சில மில்லிமீட்டரே கனமுள்ள இடது மேலறைச் சுவருக்குப் பின்னால் உணவுக்குழாய் ஒட்டினாற்போல் கிடக்கிறது. இத்தனை குறுகிய எல்லைக்குள் நெருப்பை ஆளவேண்டிய மருத்துவருக்கு எக்ஸ்ரே காட்டுவது கதீட்டரின் நிழலையே. சுடப்படும் சுவரை அது தெளிவாகக் காட்டுவதில்லை.

அந்தக் குறையை நிரப்ப வந்தது அல்ட்ராசவுண்ட். ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், உலோகங்களில் விரிசல் தேடுவதற்கென்று செய்த கருவியைக் கொண்டே 1953-இல் இருதயத்தின் அசைவை ஒலியால் பதிவு செய்தார்கள். இன்றோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கதீட்டரின் நுனியில் ஒலிக்கருவியைப் பொருத்தி இருதயத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். மேலறைகளுக்கிடையேயுள்ள சுவரை ஊசி துளைக்கும் இடம், சுடும் முனை தசையைத் தொட்டிருக்கிறதா என்பது, இருதய உறைக்குள் இரத்தம் கசியத் தொடங்குவது ஆகிய யாவும் அப்போதைக்கப்போது திரையில் தெரிகின்றன. சுடும் இடத்திலிருந்து நுண்குமிழிகள் பொங்கி எழுந்தால் உஷ்ணம் எல்லை மீறுகிறது என்று கண்டு மின்சாரத்தைக் குறைப்பதும் ஒரு காலத்து முறை. ஆனால் முனையைக் குளிர்விக்க உப்புநீர் பாய்ச்சும் கதீட்டர்கள் வந்தபின், அந்த நீரே குமிழிகளைத் தோற்றுவிப்பதால் அவ்வடையாளம் தன் மதிப்பைப் பெரிதும் இழந்தது.

ஆயினும், அபாயத்தைக் காட்டுவதில் இவ்வளவு சமர்த்தான இந்தச் சாதனம், தசை உண்மையாகவே மாண்டதா என்னும் கேள்விக்கு மட்டும் தயங்கியே பதில் சொல்கிறது. சுட்ட இடம் வீங்குகிறது, பிம்பத்தில் வெளிறுகிறது. ஆனால் வீக்கம் என்பது வெறும் காயத்துக்கும் பொதுவானதாகையால், இன்று மாண்டதாகத் தோன்றிய தசை சில வாரங்களில் தெளிந்து மறுபடியும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடலாம்.

மாண்ட தசையின் மெய்யான அடையாளம் அதன் நிறத்தில் இல்லை, இறுக்கத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவித்த முட்டையின் வெண்கருபோல, சுடப்பட்ட தசையும் கெட்டிப்படுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைப் பயன்படுத்தி, வலுவான ஒலித்துடிப்பால் தசையை நுண்ணளவு தள்ளி, அது எவ்வளவு நகர்ந்தது என்பதை அதே ஒலியால் அளக்கிறார்கள். குறைவாக நகர்ந்த இடமே வெந்த இடம். சுருங்கும் தசை தானாகவே இறுகுமாதலால், அது தளர்ந்திருக்கும் கணத்தில் அளவெடுக்க வேண்டியிருப்பதும், இரண்டு சூடுகளுக்கிடையே தப்பிவிடும் சிறு இடைவெளியையும் பிரித்துக் காட்டவேண்டியிருப்பதும் இம்முறையின் சிரமங்கள். ஆகவே மருத்துவமனைகளில் இன்றும், சிரைகளின் வாயில் மின்முனையை வைத்து, துடிப்பு திரும்புகிறதா என்று சுமார் 20 நிமிஷம் காத்திருந்து பார்க்கும் வழக்கம் நீடிக்கிறது.