கிடைத்த இரட்சிப்பு கைநழுவிப் போகுமா? சபைகள் சொல்வது என்ன?

ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்த பிள்ளை வேலைக்காகப் பட்டணம் போகிறது. அதன்பின் பத்து வருடமாகச் சபைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. குடியை விட்டுவிட்டதாகச் சபையார் முன் சாட்சி சொன்னவர் மறுபடியும் குடிக்கத் தொடங்குகிறார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இவை புதிதல்ல. அப்போதெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. அவருக்குக் கிடைத்த இரட்சிப்பு என்ன ஆயிற்று? இருக்கிறதா, போய்விட்டதா?

இதற்குக் கிடைக்கும் பதில் சபைக்குச் சபை மாறுபடுகிறது. ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றென்றும் இரட்சிக்கப்பட்டவரே என்பது ஒரு சாரார் போதனை. விசுவாசத்தை விட்டால் இரட்சிப்பும் போய்விடும் என்பது இன்னொரு சாரார் போதனை. அக்காள் மெதடிஸ்ட், தம்பி பாப்திஸ்து, மாமியார் கத்தோலிக்கர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று சபை இருந்தால், துக்க வீட்டில்கூட இந்த வாக்குவாதம் தலைதூக்கிவிடும். யார் எதை, எதனால் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் சண்டையின் சூடு கொஞ்சம் தணியும்.

சொல்லுக்குள் இருக்கும் பொருள்

புராட்டஸ்டண்டு சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் 'இரட்சிப்பு' என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மீட்பு' என்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் காதில் விழுவது இந்தச் சொல்தான். இரண்டும் ஒன்றையே குறித்தாலும் சாயல் வேறு. இரட்சித்தல் என்பது வடமொழி வழி வந்த சொல்; காப்பாற்றுதல் என்று பொருள். மீட்டல் என்பது பிறர் கைக்குப் போய்விட்டதைத் திரும்ப எடுப்பது. அடகுக் கடையில் வைத்த நகையை மீட்பது என்று நாம் பேச்சில் சொல்வதும் இதே சொல்தான்.

மனிதன் பாவத்தின் பிடியில் இருந்தான், அவனால் தன்னை மீட்டுக்கொள்ள முடியவில்லை, அவனுக்குரிய விலையைக் கிறிஸ்து சிலுவையில் செலுத்தினார் என்பது எல்லாச் சபைகளும் ஒப்புக்கொள்ளும் அடிப்படை. இதற்கு அடுத்த படியில்தான் வழி பிரிகிறது. மீட்ட நகையைக் கடவுள் மறுபடி கைவிடுவாரா, மாட்டாரே என்கிறது ஒரு தரப்பு. நகைக்குக் கால் இல்லை, மனிதனுக்கு உண்டு. அவனே எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கிறது மறு தரப்பு.

வேதத்தில் இரு பக்கமும்

இந்த விவாதம் இத்தனை நூற்றாண்டாக ஓயாததற்குக் காரணம், இரு தரப்பாரும் வேதத்தையே ஆதாரமாகக் காட்டுவதுதான். தம் ஆடுகளைத் தம் கையிலிருந்தும் தந்தையின் கையிலிருந்தும் எவரும் பறித்துவிட முடியாது என்று யோவான் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். மரணமானாலும் வாழ்வானாலும் எதுவும் கடவுளின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-இல் பவுல் எழுதுகிறார். இரட்சிப்பு நிலையானது என்பவர்கள் நிற்கும் இடம் இது.

எபிரெயர் 6:4-6 இதற்கு எதிர்த் திசையில் பேசுவதுபோல் தோன்றும். ஒளியைப் பெற்று, பரம ஈவை ருசி பார்த்து, அதன்பின் விலகிப் போனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்கிறது அந்தப் பகுதி. முடிவுவரை நிலைத்திருப்பவனே இரட்சிக்கப்படுவான் என்ற எச்சரிக்கை மத்தேயு 24-இல் வருகிறது.

ஒரு தரப்பு மறு தரப்பின் வசனங்களை ஒதுக்கிவிடுவதில்லை. அவற்றுக்கு வேறு விளக்கம் தருகிறது. விலகிப் போனவர்கள் தொடக்கத்திலிருந்தே உண்மையாக விசுவாசிக்கவில்லை என்பது முதல் தரப்பின் விளக்கம். 1 யோவான் 2:19-ஐ அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். பிறர் பறிக்க முடியாது என்றுதான் இயேசு சொன்னார், தானாக வெளியேற முடியாது என்று சொல்லவில்லை என்பது மறு தரப்பின் விளக்கம்.

250-ஆம் ஆண்டில் வந்த சோதனை

இந்தக் கேள்வி ஏட்டில் பிறந்ததல்ல. ரோமப் பேரரசன் தேசியஸ் காலத்தில், 250-ஆம் ஆண்டில், குடிமக்கள் எல்லாரும் அரசின் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளை பிறந்தது. மறுத்தவர்களுக்குச் சிறை, சித்திரவதை, சில இடங்களில் மரணம். பலர் உயிருக்குப் பயந்து பலி செலுத்தினார்கள். வேறு சிலர் பலி செலுத்தாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். அத்தகைய சான்றிதழ்கள் சில எகிப்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

துன்புறுத்தல் தணிந்ததும் அவர்களில் பெருந்தொகையானோர் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள். ஏற்றுக்கொள்வதா, வேண்டாமா? ரோமில் நோவேசியன் என்ற குரு, கிறிஸ்துவை மறுதலித்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கச் சபைக்கு அதிகாரமில்லை என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் தனிச் சபையாகவே பிரிந்து போனார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் நடுவழியை எடுத்தார். செய்தது சிறிய பாவமல்ல. ஆனாலும் உண்மையாக மனம் வருந்தித் தவம் செய்பவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பெரும்பான்மைத் திருச்சபை அந்த வழியிலேயே சென்றது. அந்தச் சிப்ரியானே 258-இல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

எந்தச் சபை எங்கே நிற்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபை: அருள்நிலையை இழக்க முடியும் என்பது அதன் போதனை. திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் இதைத் தெளிவாக வரையறுத்தது. தெரிந்தே, மனமொப்பிச் செய்யும் சாவான பாவம் அருளைப் போக்கிவிடும். அதே சங்கம், போன அருளை ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், திரும்பப் பெறலாம் என்றும் போதித்தது.

லுத்தரன் திருச்சபை: 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கிவைத்த பணியின் வழி வந்தது தமிழ் லுத்தரன் மரபு. அவர்களின் அடிப்படை ஆவணமான 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்க முடியாது என்ற கருத்தை நிராகரிக்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர் எப்போது மனந்திரும்பினாலும் மன்னிப்பு உண்டு என்றும் அது உறுதி சொல்கிறது.

ஆங்கிலிக்கன் திருச்சபை: அதன் 39 மதக் கோட்பாடுகளில் 16-ஆவது, பரிசுத்த ஆவியைப் பெற்ற பின்னும் மனிதன் கிருபையை விட்டு விலகிப் பாவத்தில் விழக்கூடும், கடவுளின் கிருபையால் மீண்டும் எழக்கூடும் என்கிறது.

பிரஸ்பிட்டேரியன் முதலிய சீர்திருத்தச் சபைகள்: கடவுள் தெரிந்துகொண்டவர் முற்றாக விழுந்துபோக மாட்டார் என்பது கால்வின் வழி வந்த போதனை. நெதர்லாந்தில் ஆர்மீனியஸ் என்ற பேராசிரியரைப் பின்பற்றியவர்கள் 1610-இல் இந்த மரபைக் கேள்வி கேட்டு ஐந்து குறிப்புகளை முன்வைத்தார்கள். விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் அதில் அவர்கள் எழுதினார்கள். 1618-19-இல் கூடிய டார்ட் மாமன்றம் முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் தாவீதும் பேதுருவும் விழுந்ததுபோல் விசுவாசிகள் கொடிய பாவத்தில் விழக்கூடும் என்பதை அந்த மாமன்றமும் மறுக்கவில்லை. விழுந்தாலும் கடவுள் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவார் என்றது. பாப்திஸ்து, பிரதரன் சபைகளில் பலவும் இரட்சிப்பு நிலையானது என்றே போதிக்கின்றன.

மெதடிஸ்ட் திருச்சபை: 1885-இல் சிங்கப்பூரில் கால்பதித்து மலாயா முழுவதும் பரவிய இத்திருச்சபை ஜான் வெஸ்லியின் வழி வந்தது. விசுவாசி விழுந்துபோக முடியும் என்பதில் வெஸ்லி உறுதியாக இருந்தார். பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும் இந்தப் பக்கமே நிற்கின்றன.

பிரிந்தும் பிரியாத இருவர்

இந்த விவாதத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு வெஸ்லியும் அவர் நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் நல்ல உதாரணம். ஆக்ஸ்ஃபோர்டு மாணவப் பருவத்திலிருந்தே சேர்ந்து ஊழியம் செய்தவர்கள் இவர்கள். ஒயிட்ஃபீல்டு கால்வின் பக்கம். வெஸ்லி 1739-இல் முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கம் செய்து அச்சிட்டார். ஒயிட்ஃபீல்டு பகிரங்கமாக மறுப்பு எழுதினார். இயக்கம் இரண்டாக உடைந்தது.

காலப்போக்கில் கருத்து மாறாவிட்டாலும் நட்பு திரும்பியது. 1770 செப்டம்பரில் ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவில் காலமானார். அவருடைய விருப்பப்படி, அந்த நவம்பரில் லண்டனில் அவருக்கான இரங்கல் பிரசங்கத்தைச் செய்தவர் வெஸ்லி. தங்களைப் பிரித்த விஷயத்தை அவர் அங்கே கிளறவில்லை. இருவரும் பொதுவாகப் பிடித்திருந்ததையே பேசினார்.

பயமும் அலட்சியமும்

இரு போதனைகளுக்கும் தனித்தனி ஆபத்து உண்டு. எப்படியும் இரட்சிப்பு போகாது என்று கேட்டவர், இனி எப்படி வாழ்ந்தால் என்ன என்று நினைத்துவிடலாம். கால்வின் மரபே இதை ஏற்பதில்லை. கனி இல்லாத விசுவாசம் மெய்யான விசுவாசமே அல்ல என்பது அதன் பதில்.

இரட்சிப்பு போய்விடலாம் என்று கேட்டவரோ, ஒவ்வொரு தவறுக்கும் நடுங்கத் தொடங்கலாம். ஜான் பன்யன் இதற்குச் சாட்சி. மன்னிக்க முடியாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று நீண்ட காலம் வதைபட்டதை 1666-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். பின்னர் அவர் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவித்தான் நெல்லைச் சீமையைச் சேர்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைத் தந்தார். வழிநெடுகச் சறுக்கலும் சந்தேகமும் நிறைந்த பயணமாகவே விசுவாச வாழ்க்கையை அந்தக் கதை காட்டுகிறது.

எனக்கு இனி மன்னிப்பு இல்லையோ என்று பயந்து வருபவரிடம் போதகர்கள் பொதுவாகச் சொல்வது ஒன்றுண்டு. அந்தப் பயமே மனம் இன்னும் மரத்துப் போகவில்லை என்பதற்கு அடையாளம் என்பார்கள். பின்வாங்கிப் போனவர்களை அழைத்து வெஸ்லி செய்த பிரசங்கம் ஒன்று உண்டு. விழுந்தவர் திரும்ப முடியாது என்ற எண்ணத்தை அதில் அவர் மறுத்து, அப்படித் திரும்பி வந்த பலரைத் தாமே அறிந்திருப்பதாகச் சொல்கிறார்.

வீட்டுக்குள் வரும்போது

எல்லா விலகலும் விசுவாசத் துறப்பு அல்ல என்பதையும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். வயதாகி நினைவு தப்பிய பாட்டி ஜெபத்தை மறந்துவிட்டால் அது நோய். மனச்சோர்வில் ஆலயத்துக்கு வர முடியாதவருக்குத் தேவை மருத்துவமும் துணையும். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களை இந்தக் கேள்வி கொடூரமாகத் தாக்குகிறது. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மன வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அப்படி இறந்தவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் போதிக்கிறது. துக்க வீட்டில் தீர்ப்புச் சொல்ல வாயெடுப்பவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கெட்ட குமாரன் உவமையை இரு தரப்பும் சொந்தம் கொண்டாடுகின்றன. தூர தேசத்திலும் அவன் மகனாகவே இருந்தான் என்கிறது ஒரு தரப்பு. அப்பா அவனை மரித்துப் போனவன் என்றே சொன்னாரே என்கிறது மறு தரப்பு. அவன் திரும்பி வந்தபோது அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

விலகிப் போனவர் இரட்சிப்பை இழந்தாரா, முதலிலேயே பெறவில்லையா, இன்னும் கடவுள் கையில்தான் இருக்கிறாரா என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை. இனியும் ஒத்துப்போகும் என்று சொல்வதற்கில்லை. திரும்பி வருபவருக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதில் மேலே சொன்ன சபைகள் எல்லாம் ஒன்றுபடுகின்றன. ஆகவே சபைக்கு வராத மகனைப் பற்றிக் கவலைப்படும் தாய், அவன் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறான் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும்போது சாப்பாடு போட்டு, முகம் கொடுத்துப் பேசி, குத்திக் காட்டாமல் இருந்தால் போதும். அவன் திரும்ப நினைக்கும் நாளில் வழி அடைபட்டிருக்காது.