வேட்டை நாய் வாங்கும் முன்பு

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தென்காசியில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், மேக்கரைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வாலிபர் ஒருவர் ஸலாம் கூறி நெருங்கினார். "ஹஜ்ரத், முதன்முதலாக ஒரு வேட்டை நாய் வாங்கப் போகிறேன். சிப்பிப்பாறையா, கன்னியா, எது நல்லது? வாப்பாவோ நாயே கூடாது என்கிறார்கள்" என்றார்.

தந்தையின் ஆட்சேபத்தையே முதலில் எடுத்துக்கொண்டேன். தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது உண்மை. ஆனால் அதே நபிமொழியில் கால்நடைக் காவல், பயிர்க் காவல், வேட்டை ஆகியவற்றுக்கான நாய்களுக்கு விலக்கும் உண்டு. வாப்பா முன்பாதியைச் சொன்னார்கள். பின்பாதி மகனுக்குத் தேவைப்பட்டது.

வேட்டையைப் பற்றித் திருமறையே பேசுகிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதிக்கிறது. பயிற்றுவிப்போரைக் குறிக்க அங்கே ஆளப்பட்டுள்ள 'முகல்லிபீன்' என்ற சொல், நாயைக் குறிக்கும் 'கல்ப்' என்ற சொல்லின் அடியாகப் பிறந்ததாகும். தய்யி கோத்திரத்து அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இதன் விவரங்களை நாயகத்திடமே கேட்டறிந்தார்கள். நாய் தானாக ஓடிப்போய்ப் பிடித்தால் போதாது; நாம் ஏவ வேண்டும். ஏவுகையில் பிஸ்மில்லாஹ் கூற வேண்டும். இரையை அது தின்றுவிட்டால் அது தனக்காகப் பிடித்ததாகிவிடும். வேறொரு நாயும் உடன் நின்றால், கொன்றது எது என்று தெரியாத நிலையில் உண்ணலாகாது. இரை உயிருடன் கிடைத்தாலோ முறைப்படி அறுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது தின்னாமல் அடங்கி நின்று காட்டாத நாயைப் பழகிய நாய் என்று நம் இமாம்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை ஒழுங்கு நாய்க்கு வேண்டுமென்றால், அதன் எஜமானருக்கு எவ்வளவு வேண்டும்!

வாலிபரின் முகம் மலர்ந்தது. அதை வாடச் செய்யும் பொறுப்பும் எனக்கே வாய்த்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலோ, மானோ, பன்றியோ எதையும் நாம் விருப்பம்போல் வேட்டையாட முடியாது. கொல்வது மட்டுமன்று, துரத்துவதும் அதற்கு முயல்வதும்கூட வேட்டையென்றே அச்சட்டம் கொள்கிறது. நம் மேற்கு மலைச்சரிவில் 2015-ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமும் அமைந்துவிட்டது. "மார்க்கம் ஹலாலாக்கியதை அரசு தடுக்கலாமா?" என்று கேட்டார். வேட்டை நமக்கு ஆகுமானதே தவிர, கடமையன்று. அதை விட்டவர் மீது பாவமில்லை. அதற்காகச் சிறை செல்பவருக்கு நன்மையும் எழுதப்படாது. வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லாதிருக்க, பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைத் துரத்துவதில் எனக்கு என்றுமே மனம் ஒப்பியதில்லை. பந்தயம் கட்டி நாய் ஓட்டுவதோ தெளிவான சூதாட்டம்.

"அப்படியானால் நாயே வேண்டாமா?" என்றார். தோப்புக் காவலுக்குத் தாராளமாக வாங்குங்கள் என்றேன். ஆனால் அதற்கு ஏற்ற இனம் வேறு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும், கறுப்பு உடலில் செம்பழுப்பு படர்ந்த கன்னியும் மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்ட ஓட்ட நாய்கள். கண்ணில் அசைவது பட்டதும் பாய்வது அவற்றின் பிறவிக் குணம். காட்டோரத்தில் அவிழ்த்து விட்டால் வழக்கை வீட்டுக்கு அழைத்து வரும். காவலுக்கு உகந்தது 65 முதல் 75 செண்டிமீட்டர் உயரமுள்ள இராஜபாளையமே. 2005-ல் இந்திய அஞ்சல்துறை இதற்குத் தபால்தலையே வெளியிட்டது.

ஒரு குறையையும் சொல்லிவைத்தேன். வெண்ணிற இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருக்கும். ஆகவே குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும், திரும்பாததை வாங்கலாகாது. தாய் நாயையும் நேரில் காண வேண்டும். நெருங்கிய இரத்தத்தில் இணை சேர்க்கப்பட்டதா என்று விசாரிக்கவும் வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. 2017-ஆம் ஆண்டின் விதியும் அதையே சொல்கிறது. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அவசியம்.

சில மாதங்களுக்குப் பின் அவர் தந்தையுடன் வந்தார். குட்டி தோப்பில் வளர்கிறதாம். இம்முறை வினவியவர் வாப்பாதான்: "வீட்டுப் பாத்திரத்தில் அது வாய் வைத்துவிட்டால்?" ஷாபிஈகள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனபிகளுக்கு மூன்று முறை போதும். இதைச் சொன்னதும் பெரியவர் சற்று யோசித்து, "நாளைக்கே அதற்கென்று தனியாக ஒரு மண்சட்டி வாங்கிவிடுகிறேன் ஹஜ்ரத்" என்றார்.