ஆடியோ சாட்சி சொல்லுமா?

2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டை கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர் மாணவிகளிடம் போனில் பேசிய ஆடியோ தமிழகம் முழுக்கப் பரவியது. மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்தார் என்று வழக்கு. சி.பி.சி.ஐ.டி. போலீஸார் அவரைச் சென்னை தடயவியல் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய்க் குரல் மாதிரி எடுத்தார்கள். 2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை ஆனார்கள்.

இந்த இடைவெளியில் கேள்வியே மாறிவிட்டது. அன்று, ‘இது அவர் குரல்தானா?’ என்பதுதான் விவாதம். இன்று ஒருவரின் சில நொடிக் குரல் கிடைத்தால் போதும், செயற்கை நுண்ணறிவு அவரை எதையும் பேசவைத்துவிடும். ‘இதை மனிதர்தான் பேசினாரா?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பார். அதற்கான பதில், பதிவு உருவான முதல் போனில்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலில் தேதியும் கருவி விவரமும் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. பரபரப்புக்கு ஃபார்வேர்டு போதும், வழக்குக்குப் போதாது.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. குரல் மாதிரி கேட்டு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2019ல்தான். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. முதல் பகுதியில் ஆதாரத்தைத் தருபவர் கையெழுத்து, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் ‘ஹாஷ்’ மதிப்பு எழுத வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு மொத்தமும் மாறிவிடும்.

ஆய்வகத்தில் எவ்வளவு நவீனக் கருவி வந்தாலும், என் கணிப்பில் வழக்கு கெடுவது அதற்கு முன்பே. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு திருட்டு என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சிசிடிவி திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்புவார். அது மூலப் பதிவின் நகல்கூட இல்லை, திரையின் படம். பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கி ஓடியிருக்கலாம். அந்த வித்தியாசத்தை எடுக்கும்போதே குறித்துவைக்காவிட்டால், குற்றவாளி அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்ததாக வாதாட இடம் கிடைத்துவிடும். டிஸ்க் நிரம்பியதும் புதுப் பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். போலீஸ் இரண்டு வாரம் கழித்து வந்தால், கையெழுத்துப் போடக் கடைக்காரர் தயாராக இருப்பார். பெட்டியில் அந்த நாள் இருக்காது.