ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு தூசித் தட்டு

டிசம்பரில் மழை ஓய்ந்ததும், இரவு ஒன்பது மணி வாக்கில் கிழக்கு வானத்தைப் பாருங்கள். நன்றாக மேலேறி, செம்மஞ்சள் நிறத்தில் ரோகிணி நட்சத்திரம் நிற்கும். கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 2 பாகை. ரோகிணியிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் வடக்கே, சற்று மேற்காகத் தள்ளிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே ஒரு சூரியக் குடும்பம் உருவாகிக்கொண்டிருக்கிறது.

அங்குள்ள விண்மீனின் பெயர் எச்.எல். டாரி. ரோகிணி நம்மிடமிருந்து 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது; இது சுமார் 450 ஒளியாண்டுக்கு அப்பால். வயது பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் இருக்காது என்கிறார்கள். நம் சூரியனுக்கு 460 கோடி வயது. அந்தக் குழந்தை விண்மீனைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டுப்போலப் பரந்து சுழல்கின்றன. 2014 நவம்பரில் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி அந்தத் தட்டின் படத்தை வெளியிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக ஒளி வளையங்கள், நடுநடுவே இருண்ட இடைவெளிகள். கோள்கள் பிறக்கும் இடத்தை அவ்வளவு தெளிவாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

நான் கேரளத்திலுள்ள வித்துராவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். போணக்காட்டு மலையில் கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். எடைபோடும் இடத்தில் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ, அந்தப் படத்தைப் பார்த்தபோது அதன் அழகைவிட அதன் அளவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு தொலைவில் இருப்பதை எப்படி அளந்தார்கள்? எதுவரை அளந்தார்கள்?

பொன்முடியில் ஒரு கடுகு

வானத்தில் ஒரு பொருளின் அகலத்தைக் கோணமாகத்தான் அளக்க முடியும். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு, ஒரு வில்விநாடி. எச்.எல். டாரியின் தூசித் தட்டு முழுவதும் ஒன்றரை வில்விநாடி அளவுதான். எங்கள் ஊரிலிருந்து பொன்முடி உச்சி நேர்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர். இங்கிருந்து பார்க்கும்போது அந்த உச்சியில் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருள் எவ்வளவு கோணம் காட்டுமோ, அந்தத் தட்டு அவ்வளவே காட்டுகிறது. அல்மா அதற்குள் இருக்கும் வளையங்களையும் பிரித்துக் காட்டியது. அதன் பிரித்தறியும் திறன் 0.035 வில்விநாடி, அதாவது பொன்முடி உச்சியில் கிடக்கும் ஒரு கடுகின் அகலம்.

குளிர்ந்த தூசி வெளிவிடுவது மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலை. அலைநீளம் கூடினால் தெளிவு குறையும். தொலைநோக்கி அகன்றால் தெளிவு கூடும். 12 மீட்டர் அகலமுள்ள ஒரே ஓர் ஆன்டெனாவை வைத்து 1.3 மில்லிமீட்டர் அலையில் பார்த்தால் 20 வில்விநாடிக்குக் குறைந்த எதுவும் ஒரு புள்ளிதான். ஆகவே அல்மாவில் 66 ஆன்டெனாக்களை அட்டகாமா பாலைவனத்தில், கடல்மட்டத்துக்கு 5,000 மீட்டர் உயரத்தில் பரப்பி வைத்து, அவை பெறும் அலைகளை ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். எச்.எல். டாரியைப் பார்த்தபோது ஆன்டெனாக்களுக்கு இடையே 15 கிலோமீட்டர் வரை தூரம் இருந்தது. 15 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே தொலைநோக்கியின் கூர்மை அதனால் கிடைத்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. படம் வரைவதற்கு முன்பே அளவு தெரிந்துவிடும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அவை இணைந்து தரும் சைகை மெல்லக் குறையும். பெரிய தட்டு என்றால் குறைந்த தூரத்திலேயே சைகை விழுந்துவிடும். சிறிய தட்டு என்றால் வெகுதூரம் வரை தாக்குப்பிடிக்கும். சைகை எந்தத் தூரத்தில் எவ்வளவு விழுகிறது என்பதிலிருந்து தட்டின் கோண அளவைக் கணக்கிடுகிறார்கள்.

கோணம் தெரிந்தால் போதாது, தொலைவும் வேண்டும். ஐரோப்பாவின் கயா விண்கலம் கோடிக்கணக்கான விண்மீன்களின் தொலைவைத் துல்லியமாகத் தந்த பிறகு இந்தத் துறையே நிமிர்ந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டர் ஒரு வானியல் அலகு. 3.26 ஒளியாண்டு ஒரு பார்செக். வில்விநாடியைப் பார்செக்கால் பெருக்கினால் விடை நேராக வானியல் அலகில் வரும். எச்.எல். டாரி சுமார் 140 பார்செக் தொலைவில் இருக்கிறது. ஒன்றரை வில்விநாடி என்றால் தட்டின் அகலம் 210 வானியல் அலகு, ஆரம் நூறு சொச்சம். நம் நெப்டியூன் சூரியனிலிருந்து 30 வானியல் அலகில் சுற்றுகிறது. அதன் பாதையைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெரிய தட்டு அது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் போடக்கூடிய பெருக்கல் இது.

ஓரம் எது?

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டு முடித்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சரே, அந்த நூறைத் தாண்டினா அப்புறம் ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டான். இத்துறையில் ஆய்வு செய்பவர்களும் மல்லுக்கட்டும் கேள்வி அதுதான்.

தட்டுக்கு வெட்டிய ஓரம் கிடையாது. வெளியே போகப்போக ஒளி மங்கி, கருவியின் இரைச்சலோடு கலந்துவிடும். கருவி நல்லதாக இருந்தால் இன்னும் சற்றுத் தூரம் தெரியும். அப்படியானால் ஒருவர் சொன்ன அளவை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிடவே முடியாது. அதனால் வானியலாளர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தட்டிலிருந்து வரும் மொத்த ஒளியில் 68 சதவீதம் எந்த வட்டத்துக்குள் அடங்குகிறதோ அதன் ஆரத்தை அளவாகக் கொள்வது. சிலர் 90 சதவீதத்தை எடுப்பார்கள். எதை எடுத்தோம் என்பதைச் சேர்த்தே எழுதுவார்கள்.

அமெரிக்காவில் ஆய்வு செய்த அஞ்சலி திரிபாதியும் அவருடைய குழுவினரும் ஹவாயின் மௌனா கேயா மலையிலுள்ள ரேடியோ தொலைநோக்கி அணியின் பதிவுகளைக் கொண்டு 50 தட்டுகளை இந்த 68 சதவீத முறையில் அளந்து 2017இல் வெளியிட்டார்கள். அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆரம் இரண்டு மடங்கானால் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எல்லாத் தட்டுகளையும் ஒரே விதமாக அளந்ததால்தான் இந்த ஒழுங்கு கண்ணில் பட்டது.

அடுத்தது, எந்த ஒளியில் பார்த்தோம் என்பது. மில்லிமீட்டர் அலையில் தெரிவது மணல், குறுமணல் அளவுள்ள துகள்கள். அகச்சிவப்பில் தெரிவது, தட்டின் மேற்பரப்பில் மிதந்து விண்மீனின் ஒளியைச் சிதறடிக்கும் புகைபோன்ற நுண்தூசி. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் குறிப்பிட்ட அலையில் பார்த்தால் தெரிவது வாயு. ஒரே தட்டுக்கு மூன்று அளவுகள் வரும். நமக்கு மிக அருகில், சுமார் 60 பார்செக் தொலைவிலுள்ள டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற விண்மீனின் தட்டில் குறுமணல் 60, 70 வானியல் அலகோடு நின்றுவிடுகிறது. வாயுவோ 200ஐத் தாண்டிப் போகிறது. லூப்பஸ் என்ற மேகப் பகுதியில் 22 தட்டுகளை அளந்து 2018இல் வெளியான ஆய்வில், வாயுவின் ஆரம் தூசியின் ஆரத்தைப்போலச் சராசரியாக இரண்டு மடங்கு இருந்தது.

இந்த மூன்றில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. மூன்றும் சரி. அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் கோள் பிறக்கும் கதையைச் சொல்கிறது.

தூசி ஏன் உள்ளே வருகிறது?

தட்டிலுள்ள வாயுவுக்கு அழுத்தம் உண்டு. அந்த அழுத்தம் வெளிப்புறமாகச் சற்றுத் தாங்குவதால் வாயு கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் விழாது. வேக வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. துகளுக்கு அந்தத் தாங்கல் இல்லை. அது முழு வேகத்தில் சுற்றியாக வேண்டும். எனவே துகளுக்கு எப்போதும் எதிர்க்காற்று. வேகத்தை இழந்து இழந்து அது விண்மீனை நோக்கிச் சுருண்டு இறங்கும். பூமியின் தொலைவில் ஒரு மீட்டர் அளவுள்ள கல் ஏறக்குறைய நூறே ஆண்டில் விண்மீனுக்குள் விழுந்துவிடும் என்று 1977இலேயே கணக்கிட்டார் வைடன்ஷில்லிங் என்ற ஆய்வாளர். தூசித் தட்டு வாயுத் தட்டைவிடச் சுருங்கித் தெரிவதற்கு இந்த இறக்கம் ஒரு முக்கியக் காரணம். வாயுவின் ஒளி மிகக் குறைந்த அளவிலும் எளிதாகத் தெரிந்துவிடுவது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரிப்பதே இன்றைய வேலை.

அப்படியானால் பூமி எப்படி உருவானது? கல்லெல்லாம் நூறு ஆண்டில் விழுந்திருக்க வேண்டுமே! விடை அந்த வளையங்களில் இருக்கலாம். அழுத்தம் திடீரென்று கூடும் இடத்தில் எதிர்க்காற்று நின்றுவிடும். இறங்கிவரும் துகள்கள் அங்கே தேங்கும். தேங்கிய இடம் வளையமாக ஒளிரும். ஏற்கெனவே பிறந்த ஒரு கோள் இத்தகைய தேக்கத்தை உண்டாக்கும். பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் தட்டிலுள்ள பெரிய இடைவெளிக்குள் 2018இல் ஒரு கோளையும், 2019இல் இரண்டாவது கோளையும் கண்டுபிடித்தார்கள். இடைவெளிக்கும் கோளுக்கும் உள்ள தொடர்பு அங்கே கண்முன்னே நிரூபணமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்தித்தாள்களில் வரும் படங்கள் பெரும்பாலும் பெரிய, பிரகாசமான தட்டுகளுடையவை. அளக்க எளிதானவற்றைத்தான் முதலில் அளந்தார்கள். லூப்பஸ் பகுதியின் 73 தட்டுகளையும் கூர்மையாகப் பார்த்து 2025இல் வெளியான ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு மிகச் சிறியவை என்று தெரியவந்தது. அந்தச் சிறியவற்றின் சராசரி ஆரம் 6 வானியல் அலகு; நம் வியாழனின் பாதையைவிடச் சற்றே பெரிது. எச்.எல். டாரி ஓர் அரிய பேருருவம். சாதாரணத் தட்டு எது என்று அறிய, மங்கலான சின்னஞ்சிறு தட்டுகளையும் பொறுமையாக அளக்க வேண்டியிருந்தது.

நம் மலைகளில் நடந்த அளவை

கண்ணுக்குச் சிக்காததை அளப்பது நமக்குப் புதிதல்ல. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் வேலையைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதில் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. வானத்தைத் தொடர்வது எளிதாயிற்று. தொலைதூர ரேடியோ மூலங்களைச் சந்திரன் மறைக்கும்போது சைகை எப்படி மறைகிறது என்று பதிந்து, அவற்றின் கோண அளவை வில்விநாடிக் கணக்கில் கண்டார்கள். அந்த அளவுகளைக் கொண்டு ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் வெளியிட்ட முடிவுகள் பெருவெடிப்புக் கொள்கைக்கு வலுச் சேர்த்தன.

1977 மார்ச் 10 அன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலிருந்து ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு விண்மீனை யுரேனஸ் மறைக்கும் நிகழ்வைப் பதிந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் விழுந்து எழுந்தது. புதிய துணைக்கோள் என்று அறிவித்தார்கள். அதே இரவு விமானத் தொலைநோக்கியில் பதிந்த அமெரிக்கக் குழுவின் தரவுகளோடு வைத்துப் பார்த்தபோது அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிவாயிற்று. அளவு ஒன்றுதான், பொருள் விளங்க இன்னோர் இடத்து அளவும் வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளும் செய்யலாம்

எங்கள் ஊரில் மருதாமலைச் சரிவில் 2008இல் தொடங்கப்பட்ட ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. நெடுமங்காடு போகும் வழியில் வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். அங்கே வானியலில் முதுநிலைப் படிப்பே உண்டு. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் அமைத்த வானாய்வகம் இன்றும் நிற்கிறது. மும்பையின் டி.ஐ.எஃப்.ஆர். ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அகச்சிவப்புக் கருவி, நைனிடால் அருகே தேவஸ்தலிலுள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் இளம் விண்மீன்களைப் பார்க்கிறது.

இவற்றுக்கும் மேலாக ஒரு வசதி. அல்மா திரட்டும் தரவுகள், விண்ணப்பித்தவர்களுக்கு வழக்கமாக ஓராண்டு உரிமை முடிந்ததும் உலகத்துக்கே இலவசமாகத் திறக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் படிக்கும் மென்பொருளும் இலவசம். ஒரு கல்லூரி மாணவி போணக்காட்டிலோ வால்பாறையிலோ உட்கார்ந்து, இணையமும் ஒரு நல்ல கணினியும் இருந்தால், யாரும் இதுவரை கவனிக்காத ஒரு தட்டின் ஆரத்தை அளந்து சொல்ல முடியும். வேண்டியது கணக்கில் பிடிப்பும், கூடவே நின்று சொல்லித்தர ஓர் ஆளும்தான்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. பிள்ளை ஓர் எண்ணைச் சொன்னால் சரியா தவறா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எதைக்கொண்டு அளந்தாய், எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினாய், ஏன் அங்கே நிறுத்தினாய் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை எச்.எல். டாரியையும் அளக்கும், தன் ஊரின் மழையையும் அளக்கும். யார் சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பிவிடாது.