எரிமலைப் பாதையில் இணையருடன்: வரவேற்பு வேறு, பாதுகாப்பு வேறு

மத்திய அமெரிக்காவில் ஒருபால் திருமணத்தை முதலில் ஏற்ற நாடு கோஸ்டா ரிக்கா. 2018 ஆகஸ்டில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் திருமணத் தடை செல்லாது என்று சொல்லி, தீர்ப்பு நவம்பரில் முறைப்படி வெளியான நாளிலிருந்து சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 18 மாத அவகாசம் கொடுத்தது. நாடாளுமன்றம் திருத்தவில்லை. அவகாசம் முடிந்து 2020 மே 26 அன்று தடை தானாகவே நீங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, பசிபிக் கரையில் உள்ள மனுவல் அந்தோனியோ தன்பாலீர்ப்பாளர்கள் தயங்காமல் போகும் ஊராகப் பெயர் பெற்றிருந்தது. இன்று அவர்களுக்கென்றே குழுச் சுற்றுலாக்கள் நடக்கின்றன: அரெனால் எரிமலை அடிவாரம், மோன்டேவெர்டே மேகக் காடு, வெந்நீர் ஊற்று, ஜிப்லைன், ராஃப்டிங், கடைசியில் கடற்கரை.

இந்தியாவிலிருந்தும், வெளிநாடுகளில் வாழும் தமிழர்களிடையே இருந்தும் இப்படிப்பட்ட பயணங்களில் சேர விரும்புவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கும் சுற்றுலா என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், உங்களை முகம் சுளிக்காமல் நடத்துவார்கள் என்ற அளவில்தான் அதற்குப் பொருள். படகு ஓட்டுபவர் பயிற்சி பெற்றவரா, எரிமலைப் பூங்கா மூடப்பட்டால் பணம் திரும்புமா, விபத்து நேர்ந்தால் மருத்துவமனையில் உங்கள் இணையரைப் பக்கத்தில் விடுவார்களா என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை. இவற்றைத் தனித்தனியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

முதலில் மலை. 1968 ஜூலை 29 அன்று அரெனால் வெடித்ததில் தபக்கோன், புவேப்லோ நுவேவோ கிராமங்கள் அழிந்தன; எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவரை அதைச் சாதாரண மலை என்றே ஊரார் நினைத்திருந்தார்கள். 2010 வரை நெருப்பு கக்கிக்கொண்டிருந்த அது இப்போது அமைதியாக இருக்கிறது. தபக்கோன் இருந்த பள்ளத்தாக்கில் இன்று வெந்நீர் ஊற்று விடுதிகள் நிற்கின்றன. போவாஸ் எரிமலையின் நிலை வேறு. 2,708 மீட்டர் உயரத்தில் அமில ஏரியோடு இருக்கும் அது 2017 ஏப்ரலில் வெடித்தபோது, பூங்காவை ஓர் ஆண்டுக்கும் மேலாக மூடிவிட்டார்கள். 2018-ல் திறந்தபோது முன்பதிவும் தலைக்கவசமும் கட்டாயமாயின. பள்ளத்தின் விளிம்பில் நிற்கச் சிறிது நேரமே அனுமதி. 2025-ல் சீற்றம் கூடியபோது மறுபடியும் மூடினார்கள். அங்கே கல் வந்து விழுவது மட்டும் ஆபத்தல்ல. கந்தக டை ஆக்சைடு வாயு ஆஸ்துமா உள்ளவர்களை மிக விரைவில் திணற வைக்கும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். எரிமலைகளின் அன்றாட நிலையைத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓவ்சிகோரி ஆய்வகம் வெளியிடுகிறது. அதைப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். மூடிய பாதையில் ரகசியமாகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு நட்பாகப் பேசினாலும், அவரோடு போகாதீர்கள்.

எரிமலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஆறு. 2018 அக்டோபரில் கெபோஸ் அருகே நரான்ஹோ ஆற்றில் ராஃப்டிங் படகுகள் கவிழ்ந்து, ஒரு நண்பர் குழுவாக வந்திருந்த அமெரிக்கர்களில் நால்வரும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். மழையில் ஆறு பெருகியிருந்த நேரம் அது. மனுவல் அந்தோனியோ போகும் குழுக்களுக்கு அந்த ஆறு மிக அருகில். பசிபிக் பக்கம் மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். செப்டம்பரும் அக்டோபரும் அதன் உச்சம். அந்த மாதங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆற்றில் இறங்க மறுத்தால் பணம் போய்விடும் என்று குழுவே நெருக்கும். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மழையால் ரத்தானால் மாற்று நிகழ்ச்சியா, பணமா என்பதை ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வாங்கியிருந்தால் அந்த நெருக்கடியே வராது.

புறப்படும் நாளில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள்: எனக்கு என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று இருக்கும். கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வழக்கைக் கைவிடாதீர்கள். சாகசத்துக்கே உரிய ஆபத்து வேறு, பழுதான கயிற்றைப் பயன்படுத்தும் அலட்சியம் வேறு. அலட்சியத்துக்கு அந்தத் தாள் முழுக் கேடயம் ஆகாது. நிறுவனத்துக்கு அரசின் சுற்றுலா அமைப்பான ஐசிடியின் அங்கீகாரமும், வழிகாட்டிக்கு அதன் அடையாள அட்டையும் உள்ளனவா, விபத்து இழப்பீட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்தப் பயண இன்சூரன்சிலும் ராஃப்டிங், ஜிப்லைன், அருவியில் கயிறு கட்டி இறங்குவது ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும்.

காட்டில் பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெர்சியோபெலோ என்னும் விரியன் வகைதான் அங்கே அதிகம் கடிப்பது. கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் க்ளோதோமிரோ பிகாதோ நிறுவனம் அதற்கு விஷமுறிவு மருந்து தயாரிக்கிறது. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் 911-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதே வழி. முழங்கால் வரை பூட்ஸ் போட்டால் பெரும்பாலான தொல்லை வராது.

இனி, மற்றப் பயணிகளுக்கு அதிகம் இல்லாத, இந்தக் குழுக்களுக்கே உரிய சிக்கல். விபத்து நேர்ந்தவுடன் மருத்துவமனை முதலில் கேட்பது, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்பதே. வேறு நாட்டில் முறைப்படி திருமணம் செய்த இணையர் சான்றிதழைக் காட்டலாம். இந்தியாவிலிருந்து போகும் இணையரிடம் காட்ட எதுவும் இருக்காது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே நான் நினைவிழந்தால் எனக்காக மருத்துவ முடிவெடுக்க இவருக்கு அதிகாரம் என்ற பத்திரம், அவசரத் தொடர்புக்கு இவரது பெயர், இரண்டையும் எழுதி, ஸ்பானிய மொழிபெயர்ப்போடு எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவும் கோஸ்டா ரிக்காவும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், பத்திரத்துக்கு இங்கே வாங்கும் அபோஸ்டில் சான்று முத்திரை அங்கே செல்லும். குடும்ப பாலிசியில் இணையரைச் சேர்க்க முடியாமல் போகலாம். இருவரும் தனித்தனி பாலிசி எடுப்பது நல்லது. வங்கிக் கணக்கில் இணையரை நாமினியாக நியமிக்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதையும் பயணத்துக்கு முன் முடித்துவிடலாம்.

வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்குப் பெரிய ஆபத்து ஒரு புகைப்படம்தான். குழுப் படங்களை நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது வழக்கம். என் முகம் எங்கும் வரக்கூடாது என்று மின்னஞ்சலில் எழுதி, ஒப்புதலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். சகபயணிகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போகும் வழியையும் பாருங்கள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ தோஹா, துபாய் வழியாகப் போனால், அந்த நாடுகளின் சட்டம் ஒருபால் உறவைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. இலங்கையிலும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. கைபேசியில் உள்ள படங்களையும் செயலிகளையும் அதை மனத்தில் வைத்துக் கையாளுங்கள். திருநர் பயணிகள் டிக்கெட்டில் உள்ள பெயரும் பாலினமும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருப்பதைச் சரிபார்க்க வேண்டும்.

கோஸ்டா ரிக்காவிலும் எல்லா ஊரும் ஒரே மனநிலையில் இல்லை. 2018 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முன்னிலை பெற்றவர் ஒருபால் திருமணத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த ஃபப்ரிசியோ அல்வராடோ. இரண்டாம் சுற்றில்தான் அவர் தோற்றார். ஆனாலும் அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு மனித மாண்புக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கிறது. அரசு அலுவலகமோ அரசு மருத்துவமனையோ பாகுபாடு காட்டினால் தெஃபென்சோரியா என்ற மக்கள் குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். அரசியல் சாசன நீதிமன்றத்தில் அம்பாரோ மனுவை வெளிநாட்டவரும் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். திருட்டுக்கும் தாக்குதலுக்கும் ஓஐஜே என்னும் புலனாய்வு அமைப்பில் புகார் எழுதி நகல் வாங்குங்கள்; அந்த நகல் இல்லாமல் இன்சூரன்ஸ் பணத்தைப் பெறுவது கடினம்.

பேக்கேஜை விற்ற நிறுவனம் இந்தியாவில் இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். இணையராக வந்ததைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பலர் புகாரையே கைவிடுகிறார்கள். ஒப்பந்தம் மீறப்பட்டதை நிரூபிக்க உங்கள் உறவை விளக்கத் தேவையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.