நாகூர்க் கரையும் எண்ணெய்க் கழிவும்

2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நாகூர் பட்டினச்சேரியில் சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் குழாயில் கசிவு கண்டு, கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. மீனவர்கள் குழாயையே அகற்றுமாறு கிளர்ச்சி செய்தனர். அக்கோரிக்கை நியாயமானதென்பதே நமது அபிப்பிராயம்.

உடைப்பை அடைத்தால் காரியம் முடிந்ததென்று சிலர் கருதலாம். எண்ணெய் தோய்ந்த மணலும் கசடும் எங்கே சேர்ந்தன என்பதன்றோ கேள்வி? கரையிலேயே புதைத்தால் விஷம் மணல்வழியே ஊற்றுநீரை அடையும். 2016-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகளின்படி, அபாயகரமான கழிவுக்கு அதை உண்டாக்கியவரே பொறுப்பாளி. சாதாரணமாக 90 நாட்களுக்கு மேல் அதை வைத்திருக்கலாகாது. அனுமதி பெற்ற இடத்துக்கே அனுப்பவேண்டும். எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று குறித்த பத்திரமும் வண்டியோடு செல்லவேண்டும். அப்பத்திரங்களைக் காணும் உரிமை அக்கரையில் வலை உலர்த்துவோர்க்கு இல்லையா?

அசட்டையின் பலனுக்குப் போபாலே சாட்சி. 1984-இல் விபத்து நேர்ந்த ஆலையில் தேங்கிக் கிடந்த சுமார் 337 டன் கழிவு, 2025 ஜனவரியில்தான் அவ்வூரை விட்டகன்றது. நாற்பது வருஷம் அதன் அருகே வாழ்ந்தவர் ஏழை ஜனங்களே.

ஆதலின், நாகூர்க் கழிவின் கணக்கைத் தமிழில் எழுதி மீனவப் பஞ்சாயத்தார்முன் வைக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வற்புறுத்துகிறோம். நாகைத் தொண்டர்கள் அதைக் கேட்டுப் பெறுவார்களாக. ஊரார் அறிந்த கணக்கே ஊருக்குக் காவல்.